இறந்தவர் பெயரில் வந்த அழைப்பு

மிலுங்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. இருந்தும் அறுபத்தொன்றாவது வயதில் ஒரே நாளில் நான்கு மருமகள்கள் அவளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மருமகள்கள் என்று பெயர் வைத்தவன் நான்தான். என் பெயர் ராடிஷா. எங்கள் ஊர் வெப்ப நிலையத்தில் பழுதுபார்க்கும் வண்டி ஓட்டுகிறேன். குளிர்காலம் முழுவதும் கொதிநீரைக் குழாய் வழியே அடுக்குமாடி வீடுகளின் ரேடியேட்டர்களுக்கு அனுப்புவது நிலையத்தின் வேலை. சூடு வந்து சேராவிட்டால் ஜனங்கள் தொலைபேசியில் திட்டுவார்கள். திட்டு எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக்கு நான் குறடும் ஸ்பேனருமாகப் போவேன்.

முன்பு அந்தத் திட்டுகளை வாங்கிக்கொள்ள இரண்டு பெண்கள் இருந்தார்கள். மிலுங்கா, சவேதா. கீழ்த்தளத்தில் ஒரே அறை, எதிரெதிர் மேஜை, பத்தொன்பது வருஷம். நடுவில் ஒரு மின்னடுப்பு, அதன் மேல் எப்போதும் காப்பி. ஊரில் எந்த வீட்டில் எந்தக் குழாய் இருமும் என்று அவர்களுக்கு மனப்பாடம்.

ஊர் என்றால் சும்மா இல்லை. எங்கள் மொராவா ஆற்றங்கரையில் செத்தவர்கள் லேசில் வீட்டைக் காலி செய்வதில்லை. புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆனாலும் கதவுத் தகட்டில் அவன் பெயர்தான், தபால் பெட்டியில் அவன் பெயர்தான், வெப்ப நிலையத்து ரசீதிலும் அவன்தான். பெயர் மாற்ற நாலு அலுவலகம் ஏற வேண்டும் என்பது ஒரு காரணம். மனசு வராதது இன்னொரு காரணம். யாராவது கூப்பிட்டு ‘விளாதிஸ்லாவ் வீடு’ என்றால் சவேதா தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு சொல்வாள்:

“அது விளாதிஸ்லாவ் இல்லடி, அவன் பொண்டாட்டி. அவனப் பொதச்சு ஆறு வருஷம் ஆச்சு. காது வேற கேக்காது. டேய் ராடிஷா, கதவ ஒடைக்கிற மாதிரி தட்டு, அப்பத்தான் தெறப்பா.”

சவேதா வீட்டுக் கதவிலும் அவள் புருஷன் விதோமிரின் பெயர்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போனவன். பிள்ளைகள் இல்லை. தகட்டை மாற்றக் கூடாதா என்று ஒருமுறை நான் கேட்டதற்கு, “பேர எடுத்தா அவன ரெண்டாவது தடவ பொதச்ச மாதிரிடா” என்றாள். மிலுங்கா சிரிக்கவில்லை. அவள் குடியிருந்ததும் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்த அப்பாவின் பெயரில் இருந்த வீட்டில்தான்.

போன செப்டம்பரில் இயக்குநர் நெபோய்ஷா ஏஐ உதவியாளர்களைக் கொண்டுவந்தார். நான்கு உதவியாளர்கள், அவற்றை மேய்க்க ஒரு ஆள். இரண்டு பெண்களில் ஒருத்தி போக வேண்டும். மிலுங்காவைத் தனியாகக் கூப்பிட்டு, சவேதாவால் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

“அவளுக்குக் கம்ப்யூட்டர் வராது சார்” என்றாள் மிலுங்கா.

அது உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லவும் ஒரு நேரம் உண்டல்லவா? சொன்னது சவேதாவின் காதுக்குப் போனது. இந்த ஊரில் எதுதான் போகாமல் இருந்திருக்கிறது? தன் காப்பிக் கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். நான் அங்கேதான் இருந்தேன்.

“எனக்கு மனுஷங்க வருவாங்கடி. ஒனக்கு அது வருதா பாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மருமகள்கள் வந்த கதைக்கு வருகிறேன். மூத்தவள் தொலைபேசியை எடுத்துப் பேசுபவள். தேன் குரல். இரண்டாமவள் பெயரையும் முகவரியையும் நகராட்சிப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பவள். மூன்றாமவள் எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று எங்கள் திரையில் அனுப்புபவள். கடைக்குட்டி வேலை முடிந்ததும் புகாரை மூடி, இயக்குநருக்கு அறிக்கை எழுதுபவள்.

ஒருத்திக்கொருத்தி ஆகவே ஆகாது. மூத்தவள் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஒரு மணி நேரத்தில் வண்டி வரும் என்று வாக்குக் கொடுப்பாள். மூன்றாமவளிடம் இருப்பதோ நாலே வண்டி. நான் வண்டியை எடுத்ததுமே கடைக்குட்டி ‘முடிந்தது’ என்று எழுதிவிடுவாள். நான் போய்ச் சேர்ந்தேனா, சூடு வந்ததா என்பதெல்லாம் அவளுக்குக் கவலையில்லை. ஒரே வீட்டிலிருந்து மாமனாரும் மருமகனும் தனித்தனியாகக் கூப்பிட்டால் இரண்டு வண்டி போய் வாசலில் முட்டிக்கொள்ளும்.

“மாமியாரே, இன்னிக்கு எந்த மருமக எந்த மருமக தலமுடியப் புடிச்சா?” என்று காலையில் எட்டிப் பார்த்துக் கேட்பேன்.

“போடா, ஒழுங்கா வண்டி ஓட்டு” என்பாள். ஆனால் உள்ளுக்குள் பெருமைதான். எவள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், எவள் சொல் எவள் சொல்லுக்கு மேல், எப்போது தன்னைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு விதியாக எழுதி எழுதி, இரண்டே மாதத்தில் நான்கையும் ஒரே அடுப்படியில் சமைக்க வைத்தாள். கெட்டிக்காரி. அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

டிசம்பரில் அந்தக் கூத்து ஆரம்பித்தது. எங்கள் பக்கம் யாராவது இறந்தால் படமும் பெயரும் போட்டு ஒரு தாள் அச்சடித்து, வீட்டு வாசலிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டுவார்கள். எவனோ சில தறுதலைகள் அந்தத் தாள்களைப் பார்த்து, இறந்தவர் பெயரைச் சொல்லி, ரேடியேட்டர் வெடித்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். மூத்தவளும் நம்பினாள். நான் குறடோடு போய் நின்ற இடத்தில் சவப்பெட்டி இருந்தது. புகார் கொடுத்தவர் உள்ளே கைகட்டிப் படுத்திருந்தார். வீட்டுக்காரர்கள் நான் துக்கம் கேட்க வந்ததாக நினைத்து, பிளம் சாராயம் ஒரு கோப்பையும் இனிப்பிட்ட கோதுமை ஒரு கரண்டியும் கொடுத்தார்கள். மறுக்கக் கூடாதே என்று வாங்கிக்கொண்டேன். அன்று மட்டும் மூன்று வீட்டில் வாங்கிக்கொண்டேன். வண்டி ஓட்டும் நிலையில் நான் இல்லை.

நெபோய்ஷா குதித்தார். “பொணத்துக்கெல்லாம் வண்டி அனுப்பறீங்களா? இது வெப்ப நிலையமா, சர்க்கஸா?”

அன்று மாலையே மிலுங்கா புது விதி எழுதினாள். பட்டியலில் இறந்தவர் என்று இருக்கும் பெயரில் புகார் வந்தால், மூத்தவள் மரியாதையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாமவள் அதை மூன்றாமவளிடம் அனுப்பாமல் நேரே கடைக்குட்டியிடம் தள்ள வேண்டும். கடைக்குட்டி மூட வேண்டும். மூடியது மிலுங்காவின் திரைக்கு வர வேண்டியதில்லை.

“பலே அக்கா!” என்றேன். நான்தான் சொன்னேன். ஊரில் பாதிக் கதவில் செத்தவன் பெயர் என்பது எனக்குத் தெரியாதா? தினமும் அந்தக் கதவுகளைத் தட்டுகிறவன் நான். அவளுக்குத்தான் தெரியாதா? அப்பன் பெயரில் குடியிருக்கிறவள். தெரிந்த விஷயம் விதி எழுதுகிற நேரத்தில் இருவர் நினைவுக்கும் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் விளக்கம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஜனவரி பதினேழாம் தேதி குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு. பத்தொன்பதாம் தேதி பதினெட்டு. நாங்கள் நாலு வண்டிக்காரர்களும் தூங்கவே இல்லை. ஆனால் திரையில் புகார்கள் அளவாகத்தான் வந்தன. இந்தக் குளிருக்கு இவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியம். நெபோய்ஷா மிலுங்காவின் அறைக்கு வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

பத்தொன்பதாம் தேதி பிற்பகல் சவேதா குடியிருக்கும் கட்டடத்தின் அடுத்த வாசலில் எனக்கு வேலை. முடித்து வெளியே வந்தபோது ஐந்தாவது மாடி பால்கனியில் அவளைப் பார்த்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பழப்பெட்டியைக் கோடாரியால் பிளந்துகொண்டிருந்தாள். கையசைத்தேன், அவளும் அசைத்தாள். மேலே போய் ஒரு காப்பி குடிக்கலாம் என்று தோன்றியது. மூன்றாமவள் திரையில் அடுத்த முகவரியைப் போட்டு, பதினொரு நிமிஷம் என்றாள். போய்விட்டேன். பால்கனியில் கோட்டுப் போடாமல் யார் நிற்பார்கள், வீட்டுக்குள் சூடு இல்லையென்று எனக்கு எப்படித் தெரியும் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். சரிப்படவில்லை.

மறுநாள் விதோமிர் குடும்பத்தின் ஸ்லாவா. வீட்டுக் காவல் புனிதருக்கு வருஷத்தில் ஒரு நாள். புருஷன் போனாலும் பெண்டாட்டி விடாமல் நடத்துவாள். ரொட்டி, கோதுமை, ஒயின், பெரிய மெழுகுவர்த்தி. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வர வேண்டியவர்கள் தாமாக வருவார்கள். கூப்பிட்டு வரவழைத்தால் அது மரியாதைக்குறைவு. பத்தொன்பது வருஷமும் மிலுங்கா போயிருக்கிறாள்.

மதியம் அவள் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் அரைக் கிலோ காப்பிப் பொட்டலமும் ஒரு ஒயின் பாட்டிலும்.

“என்னை அங்க எறக்கி விடு” என்றாள்.

“போறியா அக்கா?”

“கூப்பிடாத வீட்டுக்குத்தானே போறேன். கூப்பிடலன்னு கோவிச்சுக்க முடியாது. வெரட்டவும் அவளால முடியாது, இன்னிக்கு ஸ்லாவா.” வழியெல்லாம் பொட்டலத்தின் நூலைத் திருகிக்கொண்டே வந்தாள். “மொதல்ல என்னடா பேசறது?”

“காப்பி நல்லால்லன்னு சொல்லு. அவளே ஆரம்பிச்சுடுவா.”

நானும் கூடவே ஏறினேன், ஒரு கோப்பை கிடைக்கும் என்று. திருநாளில் தாழிடக் கூடாது என்பதால் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே மேஜை விரித்திருந்தது. ரொட்டி துணியால் மூடியிருந்தது. ஏற்றாத மெழுகுவர்த்தி. ஒன்பது கோப்பைகள் கவிழ்த்து வைத்திருந்தன. மூலையில் பழைய விறகடுப்பு, தட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லோரும் வாங்கி வைத்தது. அதன் பக்கத்து நாற்காலியில் திருநாள் சட்டையும் அதன் மேல் கோட்டுமாகச் சவேதா உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பு என்னவென்று என் தொழில்காரனுக்குத் தெரியும். நான் ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தேன், ஆனால் அவள் போய்ப் பல மணி நேரம் ஆகியிருந்தது. புகைபோக்கியில் காக்கைகள் கூடு கட்டி அடைத்திருந்ததைப் பிறகு கண்டார்கள். விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. விருந்தாளிகள் வருமுன் அறையைச் சூடாக்க விடியற்காலையில் மூட்டியிருக்கிறாள்.

ரேடியேட்டரைத் தொட்டேன். ஐஸ்.

போலீஸ் வரும்வரை சும்மா நிற்க என்னால் முடியவில்லை. மொட்டைமாடி அறைக்கு ஏறி, வெந்நீர்க் குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றி, வால்வைத் திருகினேன். ஏழு நிமிஷ வேலை. போலீஸ்காரர்கள் வந்தபோது வீடு சூடாகத் தொடங்கியிருந்தது. ஒருவன் கோட்டைக் கழற்றினான். அதைப் பார்த்து மிலுங்கா வெளியே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து நெபோய்ஷா அவளிடம் ஒரு தாளை நீட்டினார். கடைக்குட்டி எழுதிய அறிக்கை. அந்த முகவரியின் சந்தாதாரர் விதோமிர். ஒன்பது வருஷத்துக்கு முன் இறந்தவர். செல்லத்தக்க புகார் எதுவும் நிலுவையில் இல்லை. சந்தாதாரர் எவருக்கும் பாதிப்பில்லை. ஒரு வரி பொய் கிடையாது. சவேதா என்ற பெயரே சந்தாதாரர் பட்டியலில் இல்லாததால், அந்தப் பட்டியலைப் பொறுத்தவரை அன்று யாரும் சாகவில்லை.

“விதிப்படி நடந்ததுன்னு ஒரு கையெழுத்து மட்டும். ஓய்வூதியத்துக்கு இன்னும் மூணு வருஷந்தானே இருக்கு ஒங்களுக்கு?” என்றார்.

போட்டுவிட்டாள். நான் விஷயம் தெரிந்து அவள் அறைக்குள் போய்க் கத்தினேன். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்களே, அது இதுதானா என்று கேட்டேன். அவள் எழுந்து நின்று அதைவிடப் பெரிதாகக் கத்தினாள்.

“அவகிட்ட என் நம்பர் இருந்துச்சுடா! பத்தொம்போது வருஷமா இருக்கு! எனக்கு ஒரு போன் போட்டிருந்தா நானே ஸ்பேனர எடுத்துட்டு ஓடியிருக்க மாட்டேனா? வீம்பு! வீம்புலதான் செத்தா. என்னக் கூப்பிடவே இல்ல அவ!”

அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கிளை அதுதான் என்று எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்திருந்தால் விட்டிருப்பேனா? தெரியாது. “மூடின புகாரத் தெற” என்றேன். “பொது நம்பருக்குக் கூப்பிட்டாளான்னாவது பாரு.”

திறந்தாள். மூன்று இருந்தன. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. மூத்தவள் எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருந்தாள், அந்த வகையில் குறையே சொல்ல முடியாது. முதல் இரண்டில் சவேதா பழைய அலுவலக ஆள் மாதிரி அளந்துதான் பேசியிருந்தாள். சந்தா யார் பெயரில் என்று கேட்டதற்கு, விதோமிர் என்று ஒழுங்காகச் சொன்னாள். ரசீதில் இருக்கும் பெயரைச் சொல்ல வேண்டும் என்று பத்தொன்பது வருஷம் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். மூன்றாவது அழைப்பில் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“இந்தாம்மா பொண்ணே, நீ மிஷினுன்னு எனக்குத் தெரியும். பரவால்ல. அங்க மிலுங்கான்னு ஒருத்தி இருப்பா. அவகிட்ட சொல்லு, சவேதா பேசினான்னு. நேரா கூப்பிட எனக்கு வாய் வரல. நாளைக்கு ஸ்லாவா. ஸ்லாவாவுக்குக் கூப்பிடக் கூடாது, அது மொற இல்ல. ஆனாலும் கூப்பிடறேன்னு சொல்லு. சூடு வரலன்னாலும் பரவால்ல, பழைய அடுப்பு இருக்கு, மூட்டிக்கறேன். அவள வரச் சொல்லு. சொல்லுவியா?”

“கண்டிப்பாக. உங்கள் செய்தி பதிவு செய்யப்பட்டது” என்றாள் மூத்தவள்.

மிலுங்கா அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “எத்தன?” என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளே தேடினாள். சவேதா போக, அந்த விதியால் புகார் மூடப்பட்ட வீடுகள் அறுபத்துமூன்று.

அன்று மதியமே மருமகள்கள் யாரையும் கேட்காமல் அவளும் நானும் வண்டியை எடுத்தோம். தாளில் எழுதிய அறுபத்துமூன்று முகவரி, இரண்டரை நாள். செத்தவர்களின் பெயர்ப்பலகைகளைத் தட்டினோம். போர்வை சுற்றிய கிழவிகள் திறந்தார்கள். ஒருத்தி மிலுங்காவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள், கடைசியில் யாரோ வந்தார்களே என்று. மிலுங்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இரண்டு கதவுகள் திறக்கவில்லை. அதில் ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், மற்றவர் ஆஸ்பத்திரியில் நிமோனியாவோடு கிடந்தார், பிழைத்தார்.

கையெழுத்தைத் திருப்பிக் கேட்கப் போனாள். தாள் மேலே போய்விட்டது என்றார் நெபோய்ஷா. திரும்பி வந்து, அச்சகத்தில் ஒரு சாவுத்தாள் அடித்தாள். சவேதாவின் படம், பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். கீழே துக்கப்படும் உறவினர்களின் பெயர்கள் வரும் இடம் ஒன்று உண்டு. சவேதாவுக்கு உறவு இல்லை. அங்கே மிலுங்கா போட்டிருந்தாள்:

‘கூப்பிட்டவள் சவேதா, மூன்று முறை. கேட்காதபடி விதி எழுதியவள் மிலுங்கா.’

அதை வெப்ப நிலையத்தின் வாசல் கதவில் ஒட்டினாள். நெபோய்ஷா கிழிக்கச் சொன்னார். மறுநாள் காலை மறுபடி ஒட்டினாள். நாலாம் நாள் அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். ஐந்தாம் நாளும் வந்து ஒட்டினாள். இறந்தவருக்கு நாற்பது நாள் கணக்கு. நாற்பதாவது நாள் வரை பசை வாளியோடு பனியில் நடந்து வந்தாள். நான் ஒரு நாள்கூட உதவவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளை நான் மன்னித்துவிட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் அந்த பால்கனிக்குக் கீழே நின்றவன்தானே.

மருமகள்களை இப்போது தலைநகரிலிருந்து யாரோ மேய்க்கிறார்கள். இறந்தவர் பெயரில் புகார் வந்தால் ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று விதியை மாற்றிவிட்டார்கள். அந்த மனிதர் எங்கள் ஊருக்கு வந்ததில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் மிலுங்கா நகராட்சிக் கவுண்டர் வரிசையில் நின்றதைப் பார்த்தேன். கையில் அப்பாவின் சாவுச் சான்றிதழ், பழைய ரசீதுகள். சந்தாவைத் தன் பெயருக்கு மாற்ற வந்திருந்தாள். கவுண்டரில் இருந்த பெண் தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்:

“இருபத்திரெண்டு வருஷமா சும்மா இருந்துட்டு, இப்ப என்னம்மா திடீர்னு?”

“வீட்ல சூடு வரல” என்றாள் மிலுங்கா. “கூப்பிடணும்.”